தலை சுற்றாத பிள்ளை

பாவாயி விழப்போகிறாள் என்பது அவளைப் பெற்ற பாப்பாயிக்குத் தெரிவதற்கு முன்பே அத்தாயிக்குத் தெரிந்துவிடும். பாசத்தினால் அல்ல. பெற்றவள் பிள்ளையைப் பார்க்கும்போது நடுநடுவே கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பொறாமைப்படுகிறவளுக்கு அந்த இடைஞ்சல் கிடையாது.

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் சின்னுசாமியின் மனைவி அத்தாயி, தம்பி காளியண்ணனின் மனைவி பாப்பாயி. மலைமேல், வளப்பூர் நாட்டுச் சரிவில் ஒரு பலாமரத்தை ஒட்டி இரண்டு கூரை வீடுகள், நடுவில் ஒரே சுவர், முன்னால் ஒரே வாசல். நிலம் மட்டும் பாகம் பிரிந்திருந்தது. இருவருக்கும் ஒரே வருஷத்தில் பெண் பிறந்தது. அத்தாயியின் மகள் கண்ணாயி, பாப்பாயியின் மகள் பாவாயி.

பாவாயி நடக்கவும் இரண்டொரு சொல் பேசவும் தொடங்கியிருந்த வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. கழுத்து விறைத்து, கண் செருகி, பிழைப்பது சந்தேகம் என்று ஊரே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தது. பிழைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு எந்தச் சத்தத்துக்கும் திரும்பவில்லை. அது மட்டுமல்ல, ஓடிக்கொண்டிருந்த பிள்ளை மறுபடி கைக்குழந்தையைப் போல் ஆகிவிட்டாள். உட்கார வைத்தால் சாய்ந்தாள், நிற்க வைத்தால் சரிந்தாள். கண்ணாயி பலாமரத்தின் முதல் கவையில் ஏறி உட்கார்ந்த மழைக்காலத்தில்தான் பாவாயி சுவரைப் பிடித்து எழுந்து இரண்டாம் முறையாக நடக்கக் கற்றுக்கொண்டாள்.

அத்தாயியின் வயிற்றெரிச்சல் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. பாவாயி நாலடி வைத்ததும் காளியண்ணன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி வந்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் தேன் கொண்டுவந்து கொடுத்தார்கள். சின்னுசாமி கூடத் தம்பி மகளை வாரி முத்தம் கொடுத்தான். அதே நேரத்தில் கண்ணாயி தலையில் சின்னத் தண்ணீர்ப் பானையை வைத்துக் கையை விட்டுவிட்டு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"விழற புள்ளைக்கு ஊரே ஓடி வருது. விழாத புள்ளைக்கு யாரு இருக்கறாங்க?" என்று அன்று புருஷனிடம் கேட்டாள் அத்தாயி.

"இதென்ன பேச்சு? விழலீன்னா சந்தோசப்படு."

"சந்தோசந்தான். நீங்க படறதுதான் தெரிய மாட்டேங்குது."

போதாக்குறைக்கு, கண்ணாயியே எந்நேரமும் சின்னம்மா வீட்டில் கிடந்தாள். பாவாயிக்கும் அவளுக்கும் நடுவில் கையாலேயே ஒரு பேச்சு உண்டாகியிருந்தது. மூக்கின்மேல் விரல் வைத்தால் பூசாரி, கன்னத்தைத் தட்டினால் பலாச்சுளை, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தால் பாப்பாயி. அத்தாயிக்கு என்ன அடையாளம் என்று ஒரு நாள் கேட்டாள். கண்ணாயி கொஞ்சம் தயங்கிவிட்டு, இரண்டு விரலால் தன் கண்களைச் சுட்டிக் காட்டினாள்.

"அப்பிடின்னா?"

"பாத்துட்டே இருக்கறவங்க."

அது உண்மைதான். அத்தாயி பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். பார்த்துப் பார்த்து, யாரும் கவனிக்காத சிலதைக் கண்டுபிடித்திருந்தாள். பாவாயி காலை அகட்டி வைத்துத் தரையைப் பார்த்தபடி நடப்பாள். நல்ல வெளிச்சத்தில், கெட்டியான தரையில் அவள் விழுவதே இல்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணை மூடினால் அப்படியே சாய்வாள். அடுப்புப் புகையில் தள்ளாடுவாள். அந்தி சாய்ந்தால் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வாள். இந்தத் தலைப்பு விஷயந்தான் அத்தாயியை அதிகம் யோசிக்க வைத்தது. துணி யாரையும் தாங்காது. பாவாயி அதை இழுத்துப் பிடிப்பதும் இல்லை. இரண்டு விரலால் தொட்டுக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். ஆனால் தொட்டிருக்கும்வரை நேராக நடப்பாள், விரல் நழுவினால் விழுவாள்.

ஒரு முறை விளையாட்டுப் போல அவள் முகத்தில் ஒரு துணியைப் போட்டுப் பார்த்தாள் அத்தாயி. மூன்று எண்ணி முடிப்பதற்குள் பிள்ளை கீழே கிடந்தாள். தூக்கி மண்ணைத் தட்டிவிட்டாள். 'கண்ணுதான் இவளுக்குக் காலு' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பாப்பாயியிடம் சொல்லவில்லை. அவளுக்குத்தான் எல்லாரும் எல்லாமும் கொடுக்கிறார்களே, இது ஒன்று என்னிடம் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

அந்த ஊரில் சாமை விதைப்புக்கு முன்னால் ஒரு வழக்கம் இருந்தது. அம்மன் கோயில் மரத்தில் தூரி கட்டுவார்கள். இரண்டு கயிறு, நடுவில் ஒரு பலகை. மற்ற ஊர்களில் ஊஞ்சல் என்பார்கள். இதில் முன்னும் பின்னும் ஆடுவதில்லை. சிறுமியைப் பலகையில் உட்கார வைத்து, கயிறு இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்வரை பலகையைத் திருகுவார்கள். கை விட்டதும் முறுக்கு அவிழும். பிள்ளை பம்பரமாய்ச் சுற்றுவாள். சுற்றி நின்றதும் இறங்கி, எதிரே இருக்கும் அம்மன் கல்வரை தள்ளாடாமல் நடக்க வேண்டும். நடந்தவள்தான் மறுநாள் விடியலில் ஊருக்கான விதைக்கூடையைத் தலையில் சுமந்து போவாள். அவள் வீட்டு நிலத்தில்தான் முதல் விதைப்பு. ஊரில் உள்ள ஏரெல்லாம் அன்று அங்கே வரும்.

அது வெறும் பெருமை அல்ல. முதல் மழை ஈரம் காய்வதற்குள் விதைத்தவனுக்குச் சாமை மணியாக நிற்கும். கடைசியில் விதைத்தவனுக்குப் பதராக நிற்கும். போன வருஷம் அத்தாயியின் நிலம் கடைசி. இந்த வருஷமோ யுத்தத்தால் பர்மா அரிசி வராமல் போய், கீழ்நாட்டுக்காரர்களே சாமை கேட்டு மலை ஏறி வந்துகொண்டிருந்த காலம்.

ஆகவே அத்தாயி முன்கூட்டியே வேலையைத் தொடங்கியிருந்தாள். வீட்டுப் பலாமரத்திலேயே ஒரு தூரி கட்டினாள். தினமும் கண்ணாயியைச் சுற்றிவிட்டாள். "கல்லை மட்டும் பாரு, வேற எதையும் பாக்காத" என்று பழக்கினாள். சேந்தமங்கலம் சந்தைக்கு மிளகுச் சுமை இறங்கியபோது புருஷனிடம் ஒரு சிவப்புத் துண்டு வாங்கி வரச் சொன்னாள். கூடை சுமக்கும் பிள்ளை மேலே போர்த்திக்கொள்ள.

தூரி நாளன்று கண்ணாயி மற்ற பிள்ளைகளைவிட நன்றாகவே நடந்தாள். மற்றவர்கள் இறங்கிய இடத்திலேயே உட்கார்ந்துவிட, இவள் பாதி தூரம் போனாள். ஆனால் கண் இரண்டும் இடமும் வலமுமாகத் துடித்துக்கொண்டிருந்தன. கல்லை எங்கே பார்ப்பது? கல்லும் கூடவே ஓடியது. முழங்கால் மடங்கி விழுந்தாள்.

"இந்த வருசம் ஆத்தா யாருகிட்டயும் வரலையாட்டம் இருக்குதுங்க" என்றார் பூசாரி செங்கோடன்.

அப்போதுதான் பாவாயி தானாகப் போய்ப் பலகையில் ஏறி உட்கார்ந்தாள். கூட்டம் சிரித்தது.

"ஏஞ்சாமி, தரையில நடக்கவே தடுமாறுவே, உனக்குத் தூரியா?"

"ஆசப்படுது, ஒரு சுத்து உடுங்க பூசாரி. புள்ள மனசு நோவக்கூடாது."

பலகையைத் திருகி விட்டார்கள். பாவாயி சுற்றினாள். வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டே சுற்றினாள். கயிறு அவிழ்ந்து நின்றது. இறங்கினாள். காலை அகட்டி வைத்து, தரையைப் பார்த்துக்கொண்டு, எப்போதும் நடப்பது போலவே மெதுவாக நடந்துபோய்க் கல்லைத் தொட்டாள். திரும்பிப் பார்த்து, "அவ்வளவுதானா?" என்பது போல் கையை விரித்தாள்.

சிரித்த கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது.

இதில் அம்மனின் வேலை எதுவும் இல்லை. ஒரு பானைத் தண்ணீரின் மேல் கொஞ்சம் சாம்பலைத் தூவி, பானையைத் திருப்பிப் பாருங்கள். பானை திரும்பும், சாம்பல் நின்ற இடத்திலேயே நிற்கும். விடாமல் சுற்றிக்கொண்டிருந்தால் தண்ணீரும் கூடச் சுற்றத் தொடங்கும். இப்போது பானையைச் சட்டென்று நிறுத்துங்கள். பானை நின்ற பிறகும் தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கும். நம் காதுக்குள், ஓசையை வாங்கும் நத்தைக்கூடு போன்ற உறுப்பை ஒட்டி, நீர் நிரம்பிய மிகச் சிறிய வளையங்கள் மூன்று இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அந்த நீர்தான் நமக்குச் சொல்கிறது. தூரி நின்ற பிறகும் அது ஓடிக்கொண்டிருப்பதால்தான் உலகமே சுற்றுகிறது, கண் துடிக்கிறது. பாவாயிக்கு வந்த காய்ச்சல் கேட்கும் பாகத்தை அழித்தபோது, பக்கத்திலிருந்த இந்த வளையங்களையும் அவித்துவிட்டது. ஒரே சுவரில் ஒட்டிய இரண்டு வீடுகளில் ஒன்றில் தீப்பிடித்தால் மற்றது தப்புமா? ஆகவே அவளுக்குத் தலை சுற்ற வழியே இல்லை. அதே காரணத்தால் இருட்டில் நிற்கவும் வழியில்லை. கண்ணும் பாதமும் விரலும் சொல்வதைக் கேட்டுத்தான் அவள் நிற்கிறாள்.

இதெல்லாம் அங்கே யாருக்கும் தெரியாது. அத்தாயிக்கும் வளையம் தெரியாது. ஆனால் அவள் ஒன்றைப் பார்த்தாள்: இறங்கும்போது பாவாயியின் கண்கள் துடிக்கவே இல்லை.

"ஆத்தா வந்துட்டா! கேக்காத காதுக்குப் பதிலா ஆத்தாளே உள்ள உக்காந்துட்டா!" என்று கத்திவிட்டுப் பூசாரி பாவாயியின் நெற்றியில் திருநீறு பூசினார். பாப்பாயி ஓவென்று அழுதாள். காளியண்ணன் மகளைத் தோளில் ஏற்றினான். அத்தாயியின் நெஞ்சில் மிளகாயை அரைத்துப் பூசியது போல் எரிந்தது. இத்தனை நாள் பழக்கிய தன் மகள் புழுதியோடு நிற்கிறாள். யாரும் பழக்காத பாப்பாயி மகள் தோளில் போகிறாள். இந்த வருஷமும் என் நிலம் கடைசியா?

வீட்டுக்குத் திரும்பும்போது கண்ணாயி, "பாவாயி ஜெயிச்சுட்டா, பாத்தியாம்மா!" என்று குதித்தாள்.

"வாய மூடிட்டு நட."

நடந்துகொண்டிருக்கும்போதே அத்தாயிக்கு இன்னொன்று தோன்றியது. விதைக்கூடை சூரியன் வருவதற்கு முன் புறப்படும். கோயிலிலிருந்து காளியண்ணனின் மேல் வயலுக்கு வழி, சரிவைத் தடுத்துக் கட்டிய கல்கட்டின் தலை மேலே. ஒருவர் மட்டும் நடக்கும் அகலம். ஒரு பக்கம் ஆள் உயரப் பள்ளம். கூடை சுமப்பவளை யாரும் தொடக்கூடாது. ஊர் பின்னால்தான் வரும். விதை சிந்தினால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு இனித் தூரி கிடையாது. பாதி தூரம் போன பிள்ளை வீட்டுக்கு முதல் விதைப்பு போகும்.

பாதி தூரம் போனது கண்ணாயி.

அத்தாயி வானத்தைப் பார்த்தாள். மேற்கே மேகம் இறங்கி உட்கார்ந்திருந்தது. காலையில் மூடுபனி நிச்சயம். அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்.

விடியலில் வாசலில் இறங்கினால் பலாமரமே தெரியவில்லை. பால் கொட்டினாற்போல் பனி. கோயிலில் பாவாயியின் தலையில் கூடையை வைத்தார்கள். பாப்பாயி மகளின் கையைத் தொடப்போய், வழக்கம் நினைவுக்கு வந்து பின்வாங்கினாள்.

"ஆத்தா கூட்டிட்டுப் போவா, கவலப்படாத புள்ள" என்றார் பூசாரி.

கோயில் முற்றத்தில் தீப்பந்த வெளிச்சம் இருந்தவரை பாவாயி சரியாக நடந்தாள். கல்கட்டு ஆரம்பிக்கும் இடத்தில் நின்றுவிட்டாள். முன்னால் வெள்ளை, பக்கத்தில் வெள்ளை, கீழே தன் பாதமே மங்கல். ஒரு காலை நீட்டிக் கல்லைத் தடவினாள். கூடை லேசாக ஆடியது.

"ஆத்தா ஏறுறா. அதான் நிக்குது" என்றது பின்னால் ஒரு குரல்.

கண்ணாயி அம்மாவின் சேலையை இழுத்தாள். "அம்மா, அவளுக்குப் பனியில வராது. நான்தான் எப்பவும் முன்னால போவேன். உடும்மா, நான் போவோணும்."

அத்தாயி திடுக்கிட்டாள். இவளுக்கும் தெரியுமா? யாருக்கும் தெரியாது என்று தான் பூட்டி வைத்திருந்தது இந்தக் குட்டிக்கு விளையாட்டோடு விளையாட்டாகத் தெரிந்திருக்கிறது. அவள் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள்.

"வலிக்குதும்மா."

"சும்மா நில்லு. தொடக்கூடாது, தெரியுமல்ல?"

பாவாயி அடுத்த அடியை வைத்தாள். கல்கட்டின் மேல் ஏறிவிட்டாள். உடம்பு பள்ளத்தின் பக்கம் சாய, எப்படியோ நிமிர்ந்தாள். கூடையிலிருந்து இன்னும் ஒன்றும் சிந்தவில்லை. 'விதை சிந்தினால் போதும், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, கீழே வெறும் மண்ணுதானே' என்று அத்தாயி தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. அடுத்த சாய்வு எந்தப் பக்கம், எவ்வளவு என்று அதற்குத் தெரியும். பள்ளத்தில் மண் இல்லை, போன மழையில் சரிந்த கல் கிடக்கிறது என்பதும் தெரியும். விழுந்த பிறகு பாவாயியின் முகம் எப்படி இருக்கும் என்பது கூட அவளுக்கு முன்னாலேயே தெரிந்தது.

மகளின் மணிக்கட்டை விட்டாள்.

கண்ணாயி ஓடப்போனாள். "நில்லுடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அத்தாயி தன் இடுப்பில் செருகியிருந்த சிவப்புத் துண்டை உருவி அவள் கையில் திணித்தாள். "கீழ்வயல்ல ஓடி முன்னால ஏறிக்கோ. ஒரு முனைய அவ விரல்ல குடு. இழுக்காத. சும்மா தொட்டுட்டு இருந்தாப் போதும். கை படக்கூடாது."

கண்ணாயி கல்கட்டு தொடங்கும் தாழ்வான இடத்தில் கீழ்வயலுக்குள் இறங்கியதும் பனி அவளை விழுங்கியது.

கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்குள் ஒரு சிவப்பு தெரிந்தது. பின்னால் வந்தவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பாவாயியின் முதுகே புகை போலத்தான் தெரிந்தது. கூட்டத்துக்கு முன்னால் நெருங்கி நடந்த அத்தாயிக்கு மட்டும் எங்கே பார்ப்பது என்று தெரிந்திருந்தது. கண்ணாயி முகத்தைத் தங்கையின் பக்கம் திருப்பிக்கொண்டு, பின்னோக்கி நடந்துகொண்டிருந்தாள். அந்தக் கல்கட்டின் மேல், அந்தப் பனியில், பின்னோக்கி! ஒரு கையில் துண்டின் முனை. மறு கை நெஞ்சின் மேல் ஏதோ பேசிக்கொண்டிருந்தது. மறு முனை பாவாயியின் இரண்டு விரலுக்குள்.

துண்டு தொய்ந்து தொங்கியது. அது யாரையும் தாங்கவில்லை. நீ இந்தப் பக்கம் சாய்கிறாய், இப்போது நேராக இருக்கிறாய் என்று விரலுக்குச் சொல்லிக்கொண்டு மட்டும் இருந்தது. காதுக்குள் நீர் சொல்ல வேண்டியதைத் துணி சொன்னது. பாவாயியின் முதுகு நிமிர்ந்தது; அடி ஒரே சீராக விழுந்தது.

மேல் வயலை எட்டியதும் கண்ணாயி துண்டைத் தங்கையின் விரலிலேயே விட்டுவிட்டுக் குதித்து மறைந்தாள். ஒரு விதை கூடச் சிந்தவில்லை. குலவைச் சத்தம் மலையெல்லாம் கேட்டது. அன்று ஊர் ஏரெல்லாம் காளியண்ணன் நிலத்தில் இறங்கின. சின்னுசாமியும் தன் மாடுகளை அங்கேதான் ஓட்டிப் போனான்.

மாலையில் அத்தாயியால் பொறுக்க முடியவில்லை. அம்மன் நடந்தாள், அம்மன் நடந்தாள் என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் பாவாயி காலைத் தொட்டுவிட்டுப் போனார்கள். பின்னோக்கி நடந்த தன் மகள் வாசலில் உட்கார்ந்து காலில் குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஆள் ஓய்ந்ததும் பாப்பாயியிடம் போய் நின்றாள்.

"உம் புள்ள தனியா நடக்கலீடி. எம் புள்ளதான் முன்னால நின்னு பின்னோக்கிக் காலு வெச்சு நடந்துச்சு. பூசாரிகிட்டச் சொல்லோணும்னா சொல்லிக்கோ."

பாப்பாயி விழித்தாள். "என்னங்க்கா சொல்றீங்க?"

சொல்ல ஆரம்பித்த பிறகு பாதியில் நிறுத்த முடியவில்லை. கண்ணுதான் காலு என்பது, புகை, அந்தி, துண்டு எல்லாம் வந்தது. "தலைக்குத் தண்ணி ஊத்தும்போது அவ கைய சுவத்துல வெக்கச் சொல்லு. இருட்டுனா உள்ள ஒரு வெளக்கு எரியட்டும். நீ தூக்கித் தூக்கி வெச்சுக்காத, நடக்க உடு. துணி முனை போதும் அவளுக்கு." ஏதோ திட்டுவது போலத்தான் சொன்னாள்.

பாப்பாயியின் கண் நிறைந்தது. "பெத்தவ நானு. எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. இதெல்லாம் நீங்க எப்பங்க்கா பாத்தீங்க?"

"எப்பவும் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"எம் புள்ள மேல இத்தன பாசத்த வெச்சுட்டு, ஒரு நாளும் காட்டிக்கலையே நீங்க!" பாப்பாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தாயிக்கு இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் பாப்பாயி, "கண்ணாயி, இங்க வா சாமி, எம் ராசாத்தி!" என்று கூப்பிட்டு, அவளை மடியில் இழுத்து, முள் குத்திய காலை முந்தானையால் துடைத்து, யாரோ பாவாயிக்குக் கொடுத்த தேனை அவள் வாயில் தடவினாள். கண்ணாயி தேனை நக்கிக்கொண்டே சின்னம்மாவின் தோளில் சாய்ந்தாள். இத்தனை வருஷமாக இதைத்தான் அத்தாயி கேட்டாள்: யாராவது என் மகளைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டார்கள். இப்போது அந்த மடி தன்னுடையதாக இல்லையே என்று எரிந்தது.

"அடுப்புல கஞ்சி இருக்குது, வாரேன்" என்று கிளம்பினாள்.

வெளியே பனி மறுபடி இறங்கியிருந்தது. சுவர் ஓரம் பாவாயி நின்றுகொண்டிருந்தாள். பெரியம்மா வீட்டில் எரியும் விளக்கைப் பார்த்தாள், நடுவில் இருந்த வாசலைப் பார்த்தாள், அத்தாயியைப் பார்த்தாள். இரண்டு விரலால் தன் கண்களைச் சுட்டினாள். பிறகு கழுத்தில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து ஒரு முனையை நீட்டினாள்.

"எல்லாம் உனக்குத்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே அத்தாயி அதை வாங்கினாள். முன்னால் நடந்தாள். கையில் எடையே தெரியவில்லை. பிள்ளை வருகிறாளா என்று இரண்டு அடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.